நோய்க் காலத்தில் மரக்கன்றுகளைக் காப்பது எப்படி? – தொண்டு மன்றங்களுக்குச் சில யோசனைகள்

"மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்" என்பது நம் ஊர்ப் பழமொழி. துன்பம் வந்த வேளையில் ஒருவரை ஒருவர் தேற்றுவதற்காகச் சொல்வது. 2020ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் இப்பழமொழி அதன் நேர்ப்பொருளிலேயே நமக்கு ஒரு சோதனையாக வந்து சேர்ந்தது. கொரோனா நோயின் காரணமாக அவ்வாண்டு மார்ச்சு 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு அமலுக்கு வந்தது. மரம் வைத்தவர்கள் வீட்டுக்குள் இருந்தனர். அவர்கள் வைத்த கன்றுகள் ஏரிக்கரையிலும், சாலை ஓரத்திலும், பள்ளி வளாகத்திலும் வெயிலில் நின்றன. தண்ணீர் ஊற்ற யார் போவது?

உங்கள் ஊரிலும் ஓர் இளைஞர் மன்றமோ, மாதர் சங்கமோ, சுய உதவிக் குழுவோ, நற்பணி மன்றமோ மரம் நடும் பணியைச் செய்துகொண்டிருக்கலாம். நீங்களே அதில் உறுப்பினராக இருக்கலாம். இலாப நோக்கம் இன்றி நடக்கும் இத்தகைய பணிகள் ஒரு கொள்ளை நோய் வந்தால் முதலில் நின்றுபோகின்றன. மீண்டும் அப்படி ஒரு காலம் வந்தால் பணி அறுபடாமல் நடக்க என்ன செய்யலாம் என்பதை இக்கட்டுரையில் காண்போம். இதில் கூறப்படும் முறைகள் நோய் இல்லாத ஆண்டிலும் உங்களுக்குப் பயன்படும்.

எந்த இடத்தில் தவறியது?

நாட்டில் வன மகோத்சவம் 1950ஆம் ஆண்டு, கே. எம். முன்ஷி அவர்கள் மத்திய உணவு வேளாண்மை அமைச்சராக இருந்தபோது, சூலை மாத விழாவாகத் தொடங்கப்பட்டது. தென்மேற்குப் பருவமழை பெறும் மாநிலங்களுக்கு அது பொருத்தமான மாதம். தமிழகத்தின் பெரும்பாலான மாவட்டங்களுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையே முக்கியமானது. எனவே நம் பகுதியில் புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும் கன்று நடுவதே நல்லது.

ஐப்பசியில் நட்ட கன்று கார்த்திகை, மார்கழியில் மழையாலும் பனியாலும் தழைத்துவிடும். மாசியில் தரை காயத் தொடங்கும். மாசி முதல் ஆனி முடிய உள்ள ஐந்து மாதங்கள்தாம் கன்றின் உயிரைத் தீர்மானிக்கும் காலம். அதன் வேர் அப்போது ஈரம் உள்ள ஆழத்தை எட்டியிராது. முதல் கோடையைத் தாண்டிய கன்று பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். தாண்டாத கன்றுக்கு எவ்வளவு பெரிய நடுவிழா நடத்தியிருந்தாலும் பயன் இல்லை.

இப்போது நோயின் காலத்தைப் பாருங்கள். 2020இல் ஊரடங்கு வந்தது பங்குனியில். 2021இல் இரண்டாம் அலையின்போது தமிழகத்தில் முழு ஊரடங்கு வந்தது மே 10ஆம் நாள், அதாவது சித்திரைக் கடைசியில். இரண்டு முறையும் அது நடும் பருவத்தைத் தொடவில்லை. தண்ணீர் ஊற்றும் பருவத்தைத் தொட்டது.

காவிரிக் கடைமடைப் பகுதியில் இது இன்னும் கடுமையாக உறைத்தது. 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னைகளையும் நிழல் மரங்களையும் பெருமளவில் சாய்த்துவிட்டது. அதற்கு ஈடாக 2019 மழைக்காலத்தில் நட்ட கன்றுகள் ஒவ்வொன்றும் தன் முதல் கோடையை 2020ஆம் ஆண்டு ஊரடங்கில்தான் சந்தித்தது.

ஆகவே நாம் கற்க வேண்டிய பாடம் இதுதான். கன்று நடுவதற்கு வேண்டுமானால் கூட்டம் உதவலாம். கன்றை வளர்ப்பதற்குக் கூட்டம் தேவையில்லை. கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு இருந்தால் போதும். அந்த வீட்டை முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைக்காத மன்றங்களின் கன்றுகளுக்கே நோய்க் காலத்தில் ஆபத்து அதிகம்.

வேலைகளை வரிசைப்படுத்துங்கள்

நோய் பரவுகிறது என்ற செய்தி வந்தவுடன் மன்றத்தின் வேலைகளைக் கீழ்க்கண்டவாறு வரிசைப்படுத்திக்கொள்ள வேண்டும்.

1. சென்ற மழையில் நட்டு, முதல் கோடையில் நிற்கும் கன்றுகளைக் காப்பது.
2. நாற்றங்காலில் பையில் உள்ள நாற்றுகளைக் காப்பது.
3. அந்தந்த மாதத்தில் கிடைக்கும் விதையைத் தவறவிடாமல் சேகரிப்பது.
4. புதிதாக நடுவது.

பல மன்றங்கள் இவ்வரிசையைத் தலைகீழாகக் கொள்வதால்தான் இடர்ப்படுகின்றன. புதிதாக நடுவதை ஓர் ஆண்டு தள்ளிப்போட்டால் ஓர் ஆண்டுதான் நட்டம். நட்டதைச் சாகவிட்டால் விதை சேகரித்தது, நாற்று வளர்த்தது, குழி எடுத்தது, வேலி கட்டியது எல்லாம் நட்டம். "இவர்கள் நடுவார்கள், பிறகு திரும்பிப் பார்க்கமாட்டார்கள்" என்ற பேச்சும் ஊரில் எழும். அந்தப் பேச்சு வந்துவிட்டால் அடுத்த ஆண்டு இடம் தருவாரும் இரார், பணம் தருவாரும் இரார்.

பத்துக் கன்றுக்குப் பத்துக் குடம்

ஒரு மன்றம் 200 கன்றுகள் நட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். கோடையில் கன்று ஒன்றுக்கு வாரம் 15 லிட்டர் வீதம் 200 கன்றுகளுக்கு 3,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். வழக்கமாக இதை டிராக்டரில் தொட்டி கட்டி, நான்கைந்து இளைஞர்கள் ஒன்றாக ஏறிச் சென்று ஊற்றுவர். ஊரடங்கில் வண்டிக்கு அனுமதி பெறுவது கடினம். ஒரே வண்டியில் நெருங்கி அமர்ந்து செல்வதும் நோயைப் பரப்பும்.

இதே வேலையை 20 வீடுகளுக்குப் பிரித்துப் பாருங்கள். வீட்டுக்குப் பத்துக் கன்று. பத்துக் கன்றுக்கு வாரம் 150 லிட்டர். 15 லிட்டர் பிடிக்கும் குடத்தால் பத்துக் குடம். வாரத்தில் இரு நாட்கள், நாளுக்கு ஐந்து குடம். இது ஒரு குடும்பத்தால் எளிதில் செய்யக்கூடியது. வண்டியும் வேண்டாம், கூட்டமும் வேண்டாம். தண்ணீர்த் தட்டுப்பாடுள்ள ஊரில் பாத்திரம் கழுவிய நீரையும் குளித்த நீரையும் இதற்குப் பயன்படுத்தலாம். சோப்பு நுரை மிகுந்த துணி துவைத்த நீரைத் தவிர்ப்பது நல்லது.

இந்த ஏற்பாட்டைச் செய்யும்போது பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டும்.

கன்று இருக்கும் இடத்துக்கு மிக அருகில் உள்ள வீட்டையோ, அன்றாடம் அவ்வழியே வயலுக்குச் செல்லும் உழவரையோ தேர்ந்தெடுங்கள். மன்றத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் வேண்டாம். ஆடு மேய்ப்பவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கன்று அவருடைய பொறுப்பு என்று ஆகிவிட்டால் பாதி வேலி போட்டது போலாகும்.

ஒவ்வொரு பத்துக் கன்றுக்கும் ஒரு வீட்டையும், அதற்குத் துணையாக இன்னொரு வீட்டையும் குறித்து வையுங்கள். நோய்க் காலத்தில் முதல் வீட்டாருக்கே காய்ச்சல் வரலாம்; அவர்கள் இரண்டு வாரம் வெளியே வர இயலாமல் போகலாம். அப்போது துணை வீட்டார் யாரும் சொல்லாமலே தண்ணீர் ஊற்ற வேண்டும். இந்தத் துணை ஏற்பாடு இல்லையெனில் மற்ற ஏற்பாடுகளெல்லாம் இரண்டு வாரத்தில் வீணாகும்.

ஒவ்வொரு கன்றுக்கும் எண் இட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் கன்றின் எண், மரத்தின் பெயர், நட்ட நாள், பொறுப்பான வீடு, துணை வீடு ஆகியவற்றை எழுதுங்கள். மாதம் ஒருமுறை மன்றச் செயலாளர் ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசியில் பேசி, உயிருடன் உள்ளது, வாடியது, பட்டுப்போனது என்று மூன்றாகப் பிரித்துக் குறித்துக்கொள்ளலாம். இதற்குக் கூட்டம் கூட வேண்டியதில்லை.

பொறுப்பேற்றவருக்கு ஓர் உரிமையும் இருக்கட்டும். புங்கன், வேம்பு ஆகியவற்றின் விதை, புளி, நாவல் ஆகியவற்றின் பழம், கழித்த தழை இவற்றில் அவருக்கு ஒரு பங்கு என்று நடும்போதே பேசி எழுதி வைப்பது நல்லது. பொது நிலமானால் ஊராட்சியின் ஒப்புதலையும், ஏரிக்கரை, சாலை ஓரம் ஆனால் உரிய துறையினரின் அனுமதியையும் முன்னதாகவே பெற்றுக்கொள்ள வேண்டும்.

தண்ணீர்த் தேவையைக் குறைக்கும் வழிகள்

ஆள் குறைவாக உள்ள காலத்தில் தண்ணீரைக் கொண்டுசெல்லும் வேலையைக் குறைப்பதே அறிவுடைமை.

வட்டப் பாத்தி: கன்றைச் சுற்றி இரண்டடி விட்டத்துக்குப் பாத்தி எடுத்துக் கரை கட்டுங்கள். கன்றின் அடித்தண்டைச் சிறிது மண் அணைத்து மேடாக்கி விடவும். மாதம் ஒருமுறை களையைக் கொத்தி மண்ணைக் கிளறிவிட்டால் ஈரம் விரைவில் ஆவியாகாது.

மூடாக்கு: பாத்தியில் காய்ந்த சருகு, வைக்கோல், கரும்புச் சோகை, பனை ஓலை ஆகியவற்றில் எது கிடைக்கிறதோ அதை நான்கு விரற்கடை உயரத்துக்குப் பரப்புங்கள். அடித்தண்டை ஒட்டிப் போட வேண்டாம், கறையான் ஏறும். தென்னை மட்டை உரிகளை நார்ப்பக்கம் மேல்நோக்கி இருக்குமாறு குழியைச் சுற்றிப் புதைத்தால் அவை தண்ணீரை உறிஞ்சி வைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கும்.

பானைப் பாசனம்: ஐந்து முதல் பத்து லிட்டர் பிடிக்கும் சாதாரண மண்பானையைக் கன்றிலிருந்து ஓரடி தள்ளி, கழுத்து வெளியே தெரியுமாறு புதைத்துத் தண்ணீர் நிரப்பி மூடிவிட வேண்டும். பானையின் நுண்துளை வழியே நீர் கசிந்து வேருக்குக் கிடைக்கும். மெருகு பூசாத பானையாக இருக்க வேண்டும். ஒருமுறை நிரப்பினால் மண்வாகிற்கேற்பப் பல நாட்களுக்குத் தாங்கும். பானையைக் கட்டாயம் மூடி வையுங்கள். திறந்து கிடக்கும் பானையிலும் பீப்பாயிலும் கொசு முட்டையிட்டு டெங்கு காய்ச்சல் பரவ இடமுண்டு. ஒரு நோய்க்கு அஞ்சி மற்றொரு நோயை வரவழைத்துக்கொள்ளக் கூடாது.

நேரம்: மாலையில் வெயில் தாழ்ந்தபின் ஊற்றுங்கள். அன்றாடம் அரைச் செம்பு ஊற்றுவதைவிட வாரத்தில் இரு நாட்கள் நிறைய ஊற்றுவது மேல். மேலோட்டமாக நனைத்தால் வேரும் மேலேயே நின்றுவிடும். ஆழ நனைத்தால் வேர் ஆழச் செல்லும்.

ஆடுமாடுகளிடமிருந்து பாதுகாப்பு: தண்ணீரின்றிச் சாகும் கன்றுகளைப் போலவே ஆடு கடித்துச் சாகும் கன்றுகளும் உண்டு. நோயினால் சந்தைகள் மூடினால் விற்க வேண்டிய ஆடும் ஊரிலேயே நிற்கும். உடைமுள், கருவேல முள் ஆகியவற்றைக் கொண்டு கன்றைச் சுற்றி மார்பளவு உயரத்துக்கு முள்கூடு கட்டலாம். இரும்புக் கூண்டு ஒன்றுக்குச் செலவாகும் பணத்தில் பல கன்றுகளுக்கு முள்கூடு கட்டிவிட முடியும். கடையில் எதுவும் கிடைக்காத காலத்திலும் முள் கிடைக்கும். கோடையில் கன்றுகளைச் சுற்றியுள்ள காய்ந்த புல்லை அகற்றித் தீ பரவாமல் பார்த்துக்கொள்ளவும்.

நாற்றங்காலை வீடுதோறும் பிரித்து வையுங்கள்

மன்றத்துக்குப் பொதுவாக ஒரே நாற்றங்கால் இருந்து, அதைப் பார்த்துக்கொள்பவர் நோயுற்றால் சில நாட்களிலேயே நாற்றுகள் அனைத்தும் காய்ந்துவிடும். பையில் உள்ள சிறிதளவு மண் கோடையில் ஒரு நாளில் உலர்ந்துவிடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். நோய் பரவத் தொடங்கியதுமே நாற்றுகளை வீட்டுக்கு 50 பைகள் வீதம் கிணற்றடி, முருங்கை நிழல், கூரை ஓரம் என்று பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். காலை, மாலை ஒரு பூவாளித் தண்ணீர் போதும். வீட்டுப் பிள்ளைகள் இதை விருப்பத்துடன் செய்வர்.

புதிதாகப் பை நிரப்புவோர் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மட்கிய தொழு உரம் ஒரு பங்கு கலந்து நிரப்பலாம். பையின் அடியிலும் பக்கத்திலும் துளையிட மறக்கக் கூடாது.

நடும் பருவம் தள்ளிப்போனால் நாற்றுகள் பையிலேயே முற்றிவிடும். வேர் பையைத் துளைத்துத் தரையில் இறங்கும். இதைத் தவிர்க்க மாதம் ஒருமுறை பைகளை இடம் மாற்றி வைத்து, வெளியே நீண்ட வேரைக் கூரிய கத்தியால் நறுக்கிவிட வேண்டும். அதன்பின் சில நாட்கள் நிழலில் வைத்துத் தண்ணீர் ஊற்றுங்கள். ஓர் ஆண்டு நடவே தவறிப்போனால் நல்ல நாற்றுகளை மட்டும் பொறுக்கிப் பெரிய பைக்கு மாற்றுங்கள். அடுத்த பருவத்தில் அவை ஆளுயரக் கன்றுகளாகக் கிடைக்கும். அத்தகைய கன்றுகளுக்கு ஆட்டுப் பயம் குறைவு. பையின் அடியில் வேர் சுருண்டு முறுக்கிக்கொண்ட நாற்றுகளைக் கழித்துவிடுவதே நல்லது. அவை பிற்காலத்தில் காற்றுக்குத் தாங்காது.

விதை நம் ஊரிலேயே இருக்கிறது

போக்குவரத்து நின்றால் வெளியூரிலிருந்து நாற்று வராது. அதனால் வேலை நின்றுவிட வேண்டியதில்லை. நம் ஊர் மரங்களின் விதையை ஒருவரோ இருவரோ நடந்துசென்றே சேகரிக்கலாம். அந்தந்த மாதத்தைத் தவறவிடக் கூடாது.

புளி: தை முதல் பங்குனி வரை. விதையை உலர்த்தி டப்பாவில் வைத்தால் பல மாதங்கள் முளைப்புத்திறன் கெடாது. ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து விதைக்கவும்.

வாகை: மாசி, பங்குனியில் காய்ந்த நெற்றுகளிலிருந்து எடுக்கலாம். தோல் கடினமானது. கொதித்து இறக்கிய நீரில் போட்டு ஆறவிட்டு, ஒரு நாள் ஊறவைத்து விதைத்தால் முளைப்பு சீராக இருக்கும்.

புங்கன்: மாசி முதல் சித்திரை வரை. நெற்றை உடைத்து விதையை எடுத்து அவ்வாண்டே விதைத்துவிட வேண்டும்.

வேம்பு: ஆனி, ஆடி. மஞ்சளாகப் பழுத்த பழத்தின் சதையை நீக்கிக் கழுவி நிழலில் உலர்த்தி, இரண்டு மூன்று வாரத்துக்குள் விதைக்க வேண்டும். நாள் சென்ற வேப்பவிதை முளைக்காது.

நாவல், இலுப்பை: ஆனி, ஆடி. இவற்றின் விதைகளும் விரைவில் முளைப்புத்திறனை இழக்கும். பழம் உண்ட கையோடு விதைப்பது நல்லது.

பனை: ஆடி முதல் புரட்டாசி வரை பழம் விழும். பனை நம் மாநில மரம். கொள்ளை நோய்க் காலத்துக்கு இதைவிட ஏற்ற மரம் இல்லை எனலாம். நாற்றங்கால் வேண்டாம், பை வேண்டாம், தண்ணீர் வேண்டாம், வேலியும் பெரும்பாலும் வேண்டாம். ஒருவர் ஒரு மண்வெட்டியும் ஒரு சாக்கு விதையும் எடுத்துச் சென்று, பத்தடிக்கு ஒன்றாக அரையடி ஆழத்தில் புதைத்துக்கொண்டே போகலாம். பக்கத்தில் மற்றொருவர் நிற்க வேண்டிய தேவையே இல்லை. வளர்ச்சி மெதுவானதாகையால் பொறுமை வேண்டும்.

விதையும் கிடைக்காதபோது போத்து நடலாம். ஒதியன், பூவரசு, கிளுவை, கல்யாண முருங்கை, ஆல் ஆகியவற்றின் கைம்மணிக்கட்டுப் பருமன் உள்ள, ஆறு முதல் எட்டடி நீளமான கிளைகளை மழைத் தொடக்கத்தில் வெட்டி, இரண்டடி ஆழத்தில் நட்டு மண்ணை நன்றாக இறுக்குங்கள். மேல் வெட்டுவாயில் சாணமும் மண்ணும் குழைத்து அப்பினால் காயாமல் தழைக்கும். போத்தின் தழை ஆட்டுக்கு எட்டாத உயரத்தில் இருப்பது இன்னொரு நன்மை.

நடவு தவிர்க்க முடியாததானால்

நோய் தணிந்தும் முற்றிலும் நீங்காத நிலையில் நடவு மாதம் வந்துவிடலாம். அப்போது விழா எடுக்காமல் வேலையை மட்டும் செய்யுங்கள்.

குழிகளைப் புரட்டாசியிலேயே எடுத்து ஆறவிடுங்கள். பொதுவாக ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழமும், கடினமான நிலத்தில் இரண்டடியும் தேவை. மேல்மண்ணைத் தனியே வைத்து, அதனுடன் தொழு உரத்தைக் கலந்து குழியை நிரப்ப வேண்டும். குழி எடுக்கும் வேலையைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துக் கொடுக்கலாம். ஒரே வீட்டார் ஒன்றாக வேலை செய்வதில் புதிய ஆபத்து இல்லை.

ஒரே நாளில் 200 கன்று நடுவதற்குப் பதிலாக இரண்டு வாரத்தில் வீட்டுக்குப் பத்தாக நட்டுவிடலாம். யார் தண்ணீர் ஊற்றப் போகிறாரோ அவரே நட வேண்டும். இது ஒன்றைக் கடைப்பிடித்தாலே பிழைக்கும் கன்றுகள் கூடும்.

கொரோனா போன்ற நோய்கள் பெரும்பாலும் மூச்சுக்காற்றின் வழியே பரவுபவை. திறந்த வெளியில் ஆறடி இடைவெளி விட்டு வேலை செய்வதில் ஆபத்து குறைவு. ஒரே வண்டியில் நெருங்கிச் செல்வது, நிழலில் கூடி அமர்ந்து ஒரே செம்பில் நீர் குடிப்பது, வேலை முடிந்து அறைக்குள் கூடிப் பேசுவது இவையே ஆபத்தானவை. அவரவர் மண்வெட்டியையும் தண்ணீரையும் அவரவரே கொண்டுவர வேண்டும். முகக்கவசம் அணிவதும், சோப்பிட்டுக் கை கழுவுவதும் நல்லது. காய்ச்சலோ இருமலோ உள்ளவர் வரக்கூடாது. அடுத்து வரும் நோய் வேறு வழியில் பரவக்கூடியதாகவும் இருக்கலாம். எனவே அந்தந்தக் காலத்தில் சுகாதாரத் துறையினர் கூறுவதைக் கேட்டு நடக்க வேண்டும்.

முதியவரையும் நோயாளிகளையும் எக்காரணம் கொண்டும் வெளி வேலைக்கு அழைக்கக் கூடாது. விதை பொறுக்குவது, பை நிரப்புவது, நோட்டு எழுதுவது ஆகியவற்றை அவர்கள் வீட்டிலிருந்தே செய்யலாம். சில கன்றுகள் பட்டுப்போனால் மீண்டும் நட்டுக்கொள்ளலாம். மனித உயிர் அப்படிப்பட்டதன்று. மன்றத்தலைவர்கள் இதை மறக்கலாகாது.

கூலியும் நிதியும்

நோய்க் காலத்தில் நன்கொடை குறையும். கொடுப்போர் உணவுக்கும் மருந்துக்கும் முதலிடம் தருவது இயற்கையே. அதைக் குறை கூற முடியாது. எனவே மன்றங்கள் இரண்டு ஏற்பாடுகளைச் செய்துகொள்ள வேண்டும்.

முதலாவது இருப்பு நிதி. மழைக்காலத்தில் வரும் பணம் முழுவதையும் நடவுக்கே செலவிட்டுவிட்டுக் கோடையில் கையை விரிக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். வரவில் மூன்றில் ஒரு பங்கையாவது கோடைத் தண்ணீருக்கும் வேலிக்கும் என்று வங்கியில் தனியே ஒதுக்கி வையுங்கள். பணம் குறைந்தால் கன்றின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். பராமரிப்பைக் குறைக்கக் கூடாது. நூறு நட்டு எண்பதைக் காப்பது, ஐந்நூறு நட்டு ஐம்பதைக் காப்பதைவிட மேலானது.

இரண்டாவது, வேலை இழந்தோருக்கு இதை வேலையாக்குவது. நகரத்திலிருந்து ஊர் திரும்பிய இளைஞர்கள் 2020இல் எத்தனை பேர் என்பது உங்களுக்குத் தெரியும். வேளாண் பணிகளுக்கு அவ்வாண்டு மார்ச்சு 27 அன்றே மத்திய அரசு ஊரடங்கிலிருந்து விலக்கு அளித்தது. ஏப்ரல் 20 முதல் ஊரக வேலை உறுதித் திட்டப் பணிகளுக்கும் வழிவிடப்பட்டது. 2020–21இல் நாடு முழுவதும் அத்திட்டத்தில் ஏறத்தாழ 389 கோடி மனித வேலை நாட்கள் வழங்கப்பட்டன. அனுமதிக்கப்பட்ட பணிகளில் மரம் நடுதலும் ஒன்றாக இருந்தது. அண்டை நாடான பாகிஸ்தானிலும் அவ்வாண்டு, கூலி இழந்த தொழிலாளர்களை ஆயிரம் கோடி மரத் திட்டத்தின் நாற்றங்கால் வேலைக்கும் கன்று நடும் வேலைக்கும் அமர்த்தினார்கள். அந்தந்தக் காலத்தில் நடைமுறையில் உள்ள அரசு வேலைத் திட்டத்தில் கன்று பராமரிப்பைச் சேர்க்குமாறு கிராம சபையில் தீர்மானம் போடுவது மன்றத்தின் கடமையாகும்.

கூலி கொடுப்பதிலும் ஒரு முறை உண்டு. கென்யா நாட்டில் வாங்காரி மாத்தாய் என்ற அம்மையார் 1977இல் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கினார். கிராமப் பெண்கள் நாற்று வளர்த்து நட்டனர். நட்டதற்காக அல்லாமல், பிழைத்து நின்ற கன்றுக்கே அவர்களுக்குச் சிறு தொகை வழங்கப்பட்டது. 2004ஆம் ஆண்டு அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. நம் மன்றங்களும் இதைப் பின்பற்றலாம். ஆனியில் உயிருடன் உள்ள கன்றுக்கு ஒரு தொகை, அடுத்த ஆனியிலும் இருந்தால் மற்றொரு தொகை என்று பேசிக்கொண்டால் தண்ணீர் தானாகப் போய்ச் சேரும்.

நன்கொடையாளர்களுக்கும் அதே கணக்கைக் காட்டுங்கள். "இவ்வாண்டு நட்டவை 200, ஆனி முடிவில் உயிருடன் 150, பட்டவை 50, காரணம் ஆடு, கறையான், தண்ணீர்" என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். நடுவிழாப் படத்தைக் காட்டிலும் இவ்வகைக் கணக்கே நம்பிக்கையை வளர்க்கும். நூற்றுக்கு இருபது கன்றுகளை மறுநடவுக்கென்று நாற்றங்காலில் கூடுதலாக வைத்திருப்பதும் அவசியம்.

இன்றே செய்ய வேண்டியவை

உழவர் பெருமக்களே! கொரோனா தொடர்பான உலக நெருக்கடி நிலை 2023 மே 5ஆம் நாள் முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதனால் இனி நோய் வராது என்று பொருளல்ல. நோய் இல்லாத இந்த நாட்களிலேயே உங்கள் மன்றத்தில் கீழ்க்கண்டவற்றைச் செய்து முடியுங்கள்.

• ஊரில் உள்ள கன்றுகளை எண்ணி எண் இட்டு நோட்டில் பதியுங்கள்.
• பத்துக் கன்றுக்கு ஒரு வீடும் ஒரு துணை வீடும் குறியுங்கள்.
• பொறுப்பானவரின் உரிமையை எழுத்தில் வையுங்கள்.
• மாசி பிறக்குமுன் பாத்தி, மூடாக்கு, முள்கூடு ஆகியவற்றை முடியுங்கள்.
• கோடைக்கான நிதியைத் தனியே ஒதுக்குங்கள்.
• ஊரில் உள்ள நல்ல தாய் மரங்களையும் அவற்றின் விதை மாதத்தையும் குறித்து வையுங்கள்.
• நாற்றுகளில் ஒரு பகுதியையாவது இப்போதே வீடுகளுக்குப் பிரித்து வளர்த்துப் பழகுங்கள்.

உங்கள் வரப்பிலும் கிணற்றடியிலும் நிற்கும் கன்றுகளுக்கும் இம்முறைகள் பொருந்தும். மரவகைத் தேர்வு, நாற்றங்கால் அமைப்பு ஆகியவற்றில் ஐயம் இருப்பின் அருகில் உள்ள வேளாண் விரிவாக்க மையத்தையோ, வேளாண் அறிவியல் நிலையத்தையோ, வனத்துறை நாற்றங்காலையோ அணுகி விளக்கம் பெறலாம்.

இந்த வாரம் வயலுக்குச் செல்லும் வழியில் சென்ற மழைக்கு நட்ட கன்றுகளைச் சற்று நின்று பாருங்கள். அவற்றில் பத்தையாவது உங்கள் வீட்டுக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். மரம் வைத்தவர் வர முடியாமல் போனாலும் தண்ணீர் ஊற்ற ஒரு வீடு இருக்கட்டும்.